கேஸ் கப்பலில் ஏறும் முன்பே விலை பேசுவோம்: கொங்குத் தொழில் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம் மாவட்டங்களின் தொழில் சங்கத் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும்,

வணக்கம்.

கோவைக்கு வெளியே அலுமினிய வார்ப்புப் பட்டறை ஒன்றை நடத்துகிறேன். பம்ப்செட் பாகங்களும் மோட்டார் பாடிகளும் ஊற்றித் தருகிறோம். உங்கள் சங்கங்களில் ஒன்றுக்குச் சந்தா கட்டும் உறுப்பினர் நான். மின் கட்டணம், ஜிஎஸ்டி, ஆள் பற்றாக்குறை, வராத பாக்கி என்று எல்லாவற்றையும் நம் கூட்டங்களில் பேசுகிறோம். குழாயில் வரும் இயற்கை எரிவாயு என்று வந்தால் மட்டும், ‘கனெக்‌ஷன் எப்போது வரும், இந்த மாதம் என்ன ரேட்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த ரேட் எங்கே முடிவாகிறது, அதை முடிவு செய்யும் இடத்தில் நம் ஆள் யாராவது இருக்கிறார்களா என்று யாரும் கேட்பதில்லை.

நான் கேட்க வந்தது இதுதான். கொங்கு மாவட்டங்களில் இருக்கும் வார்ப்பாலைகள், சாய ஆலைகள், உணவு ஆலைகள் எல்லாவற்றின் கேஸ் தேவையையும் நம் சங்கங்கள் ஒன்றாகத் திரட்ட வேண்டும். ஒரே வாங்குபவராக நின்று, கடலுக்கடியில் புதிதாகக் கேஸ் கண்டுபிடித்து விற்க வழி தேடும் நாடுகளின் திட்டங்களோடு நீண்டகால ஒப்பந்தத்துக்கு வழி செய்ய வேண்டும். நம் ஊருக்கு இது பெரிய பேச்சு என்று தோன்றலாம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் எங்கள் கணக்கு ஓடும் விதத்தைச் சொல்கிறேன். அலுமினியம் விலை மாறினால் பம்ப் கம்பெனிகள் அந்த வித்தியாசத்தை மாதாமாதம் கொடுத்துவிடுவார்கள். உருக்கி ஊற்றித் தரும் கூலி, அதாவது கன்வர்ஷன் ரேட், வருடத்துக்கு ஒருமுறை பேசி முடிப்பது. கேஸ் செலவு அந்தக் கூலிக்குள் அடக்கம். ஆக, விற்பது வருட விலை. எரிப்பது மாத விலை. திருப்பூர் சாய ஆலைகளுக்கும் இதே நெருக்கடிதான். பனியன் விலையை எக்ஸ்போர்ட்டர் பல மாதம் முன்பே வெளிநாட்டு பையரிடம் ஒப்புக்கொண்டிருப்பார். சாயக் கூலி அதற்குள் அடங்கியாக வேண்டும்.

விலை ஏறினால் எரிப்பதைக் குறைத்துக்கொள்ளலாமே என்று அதிகாரி ஒருவர் என்னிடம் கேட்டார். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். நாங்கள் 700-ஐத் தாண்டித்தான் ஊற்றுகிறோம். குரூசிபிளில், அதாவது உருக்கும் பானையில், உருகிய உலோகம் நிற்கும்போது பர்னரை அணைத்தால், முதலில் மேற்பரப்பு மங்கி இறுகும், அப்புறம் ஓரம், கடைசியில் நடு. இறுகியதை மறுபடி சூடேற்றினால் உலோகம் விரிந்து குரூசிபிளில் விரிசல் விழும். அதனால் ராத்திரி ஷிப்டு இல்லாவிட்டாலும் சின்னத் தீயில் உலை எரிந்துகொண்டே இருக்க வேண்டும். ரேட் என்னவாக இருந்தாலும் மீட்டர் ஓடும்.

அந்த மீட்டரை ஓட்டும் விலை எப்படிப்பட்டது? உலகச் சந்தையில் கேஸை பத்து லட்சம் பிடியூ என்ற வெப்ப அளவில் விலை சொல்வார்கள். நம் மீட்டரில் அது ஏறக்குறைய 25 கன மீட்டர். 2020-இல் கொரோனா காலத்தில் ஆசியச் சந்தையின் உடனடி விலை அந்த அளவுக்கு 2 டாலருக்கும் கீழே போனது. 2022-இல் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்த பிறகு அதே சரக்கு 70 டாலரைத் தாண்டியது. இரண்டே ஆண்டுகளில் முப்பது மடங்குக்கும் மேல். ஆசியாவுக்கு வர வேண்டிய கப்பல்கள் கூடுதல் விலைக்காக ஐரோப்பாவுக்குத் திரும்பின. பாகிஸ்தானில் மின்வெட்டு நீண்டது. ஜெர்மனியில் இருந்த ரஷ்ய நிறுவனத்தின் கிளை மூலம் நம் பொதுத்துறை எரிவாயு நிறுவனமான கெயிலுக்கு வந்துகொண்டிருந்த ஒப்பந்தச் சரக்குகளும் அந்த ஆண்டு நின்றுபோயின.

இந்தியா பயன்படுத்தும் கேஸில் ஏறக்குறைய பாதி இறக்குமதி. மைனஸ் 162 டிகிரிக்குக் குளிரவைத்தால் கேஸ் திரவமாகி, அதன் கொள்ளளவு 600-இல் ஒரு பங்காகச் சுருங்கும். எல்என்ஜி என்பது அதுதான். அதைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து மறுபடி வாயுவாக்குகிறார்கள். நமக்கு அருகில் அப்படி இறக்கும் முனையங்கள் இரண்டு: 2013-இல் வந்த கொச்சி, 2019-இல் வந்த எண்ணூர். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும். கொச்சியிலிருந்து கூற்றநாடு வழியாக வாளையாருக்கு வந்த குழாய்தான் கோவைக்குக் கேஸ் கொடுக்கிறது. ஆக, நம் பட்டறை பர்னரின் மறுமுனை ஏதோ ஒரு கடலில் இருக்கிறது.

அந்தக் கடல்களில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். போர் போட்டு நல்ல தண்ணி வந்தும், இபி சர்வீஸ் கிடைக்காமல் வருடக்கணக்காகக் காத்திருக்கும் தோட்டக்காரர்களை நமக்குத் தெரியும். கடலில் கேஸ் கண்ட பல நாடுகளின் நிலை அதுதான். சைப்ரஸ் 2011-இல் அஃப்ரடைட் வயலைக் கண்டது. இன்றுவரை அதிலிருந்து கேஸ் விற்பனைக்கு வரவில்லை. கேஸ் இருக்கிறது, கொண்டுபோகும் வழி இல்லை. இஸ்ரேலிலிருந்து சைப்ரஸ், கிரீஸ் வழியாக ஐரோப்பாவுக்குச் சுமார் 1,900 கிலோமீட்டர் குழாய் போடலாம் என்று வருடக்கணக்காகப் பேசினார்கள். அது பேச்சாகவே நிற்கிறது. தான்சானியா தன் ஆழ்கடல் கேஸைத் திரவமாக்கும் ஆலைக்காக இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன், மன்னார்ப் படுகையின் இலங்கைப் பக்கத்தில் 2011-இல் கெய்ர்ன் நிறுவனம் இரண்டு இடங்களில் கேஸ் கண்டது. 2015-இல் நிறுவனம் விலகிவிட்டது. கேஸ் அப்படியே கடலடியில் கிடக்கிறது.

வழி கண்டவர்களும் உண்டு. செனகலும் மொரிட்டானியாவும் எல்லைக் கடலில் கண்ட வயலை இருவரும் பங்கிட ஒப்புக்கொண்டார்கள். 1976-இல் கட்டிய ஒரு பழைய எல்என்ஜி கப்பலையே மிதக்கும் ஆலையாக மாற்றி நிறுத்தி, 2025 ஏப்ரலில் முதல் சரக்கை ஏற்றினார்கள். மொசாம்பிக் ‘கோரல் சூல்’ என்ற மிதக்கும் ஆலையிலிருந்து 2022 நவம்பரில் ஏற்றுமதியைத் தொடங்கியது. கரையில் இடம் தேட வேண்டாம், குழாயைக் கரைவரை இழுக்க வேண்டாம். சின்ன நாடுகளுக்கு இது நல்ல திறப்பு.

மொசாம்பிக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நம் பணமும் இருக்கிறது. வடக்கே ரோவுமா படுகையில் 2010-இல் பெரிய வயல்கள் கிடைத்தன. அதில் முதல் பகுதி என்று சொல்லும் திட்டத்தில் நம் பொதுத்துறை நிறுவனங்களான ஓஎன்ஜிசி விதேஷ், ஆயில் இந்தியா, பாரத் பெட்ரோலியம் மூன்றும் சேர்த்து 30 சதவீதம் வைத்திருக்கின்றன. நடத்துவது பிரான்ஸின் டோட்டல் எனர்ஜிஸ். ஆண்டுக்கு சுமார் 130 லட்சம் டன் திட்டம். 2019-இல் முதலீட்டு முடிவு எடுத்தார்கள்; அதற்கு முன்பே உற்பத்தியில் பெரும்பகுதியை நீண்டகாலத்துக்கு விற்று முடித்திருந்தார்கள். அந்த ஒப்பந்தங்களைப் பார்த்துத்தான் வங்கிகள் ஏறக்குறைய 1,500 கோடி டாலர் கடனுக்கு ஒப்புக்கொண்டன. வாங்கியவர்களில் நம் பாரத் பெட்ரோலியம் உண்டு: ஆண்டுக்கு 10 லட்சம் டன், 15 ஆண்டுகளுக்கு. டோக்கியோ கேஸும் பிரிட்டனின் சென்ட்ரிகாவும் இரண்டு பேராகச் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் 26 லட்சம் டன் வாங்கியிருக்கிறார்கள். கண்டம் விட்டுக் கண்டம் இருக்கும் இரண்டு கம்பெனிகள் சேர்ந்து வாங்க முடிகிறது. கோவை கணபதிக்கும் ஈரோட்டுப் பெருந்துறைக்கும் எவ்வளவு தூரம்?

புதிய உற்பத்தியாளருக்குத் தேவை, பதினைந்து இருபது வருடம் தவறாமல் வாங்கிப் பணம் கட்டும் ஆள். அந்தக் கையெழுத்து இல்லாமல் வங்கி கடன் தராது, கடன் இல்லாமல் ஆலை வராது. நமக்குத் தேவை, வருடக் கூலி பேசும்போது கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடிகிற ஒரு எரிபொருள் விலை. இரண்டு தேவையும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. ஆனால் நேராகச் சந்திக்க வழியில்லை.

ஏன் இல்லை? அளவுதான் காரணம். நடுத்தர எல்என்ஜி கப்பல் ஒன்றின் சரக்கு வாயுவாகும்போது சுமார் 10 கோடி கன மீட்டர். நாளுக்கு 50,000 கன மீட்டர் எரிக்கும் ஆலைக்கே அது ஐந்து வருடத்துக்கு மேல் வரும். என் பட்டறை அந்த ஆலையின் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. அந்த 50,000 என்ற எண்ணைச் சும்மா சொல்லவில்லை. பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி, நாளுக்கு 50,000 கன மீட்டர் வரை தேவைப்படும் ஆலை, அந்தப் பகுதிக்கு உரிமம் பெற்ற நகர எரிவாயு நிறுவனத்தின் குழாயில்தான் வாங்க வேண்டும். அதற்கு மேல் போனால்தான் வேறு வழி திறக்கும். நம் சிறு, நடுத்தர ஆலைகள் கிட்டத்தட்ட எல்லாமே அந்தக் கோட்டுக்குக் கீழே. தனித்தனியாக நிற்கும்வரை, நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதைத் தவிர நமக்கு வேலையில்லை. என்னிடம் கொடுத்த ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச அளவு இருந்தது, எடுக்காவிட்டால் கட்ட வேண்டிய தொகை இருந்தது, விலையை மாற்றும் உரிமை முழுக்க விற்பவர் பக்கமே இருந்தது. மாற்றிக் கேட்டேன். ‘எல்லோருக்கும் இதே பேப்பர்தாங்க’ என்றார் வந்தவர். அவர் சொன்னது உண்மை என்பதுதான் நம் பிரச்சினை.

இதற்கு மேல் வரி. இயற்கை எரிவாயு இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. எல்பிஜிக்கும் ஃபர்னஸ் ஆயிலுக்கும் இல்லாத இந்தத் தொல்லை என்ன என்று கேட்கிறவர்களுக்கு: எல்பிஜிக்குக் கட்டும் வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்கிறோம், குழாய்க் கேஸுக்குக் கட்டும் வாட் வரியை அப்படிக் கழிக்க முடியாது. ஃபர்னஸ் ஆயிலும் அப்படியே ஜிஎஸ்டிக்குள்தான் இருக்கிறது. சுத்தமான எரிபொருளுக்கு மாறுகிறவனுக்குத்தான் செலவு கூடுகிறது. 2030-க்குள் நாட்டின் எரிசக்தியில் கேஸின் பங்கை 6 சதவீதத்திலிருந்து 15 ஆக்கப் போவதாகச் சொல்லும் அரசு இதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

சேர்ந்து வாங்குவது கொங்குக்காரர்களுக்குப் புதிதல்ல. மின்சாரத்தில் செய்து காட்டியிருக்கிறோம். 2005 மின்சார விதிகள்படி, பல ஆலைகள் சேர்ந்து குறைந்தது 26 சதவீதப் பங்கு வைத்து, உற்பத்தியில் 51 சதவீதத்தைப் பயன்படுத்தினால் அது சொந்த மின் நிலையம் என்று கணக்காகும். அந்த குரூப் கேப்டிவ் முறையில்தான் உடுமலை, பல்லடம் காற்றாலை மின்சாரத்தில் எத்தனையோ நூற்பாலைகள் ஓடுகின்றன. கேஸுக்கும் அதே உரிமையைக் கேட்போம். பல ஆலைகளின் தேவையைக் கூட்டி ஒரே நுகர்வோராகக் கருத வேண்டும், உள்ளூர்க் குழாயைப் பயன்படுத்த நியாயமான வாடகையை நாம் கட்டிவிட வேண்டும். நெடுந்தூரக் குழாய்களுக்கு 2023 ஏப்ரலில் ஒருங்கிணைந்த கட்டணம் வந்துவிட்டது. மீதி இருப்பது கடைசிச் சில கிலோமீட்டர்கள்தான்.

தண்ணீரிலும் செய்திருக்கிறோம். அதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும், அதில் எச்சரிக்கையும் இருக்கிறது. லாரித் தண்ணீரை நம்பி ஓடிய திருப்பூர்ச் சாய ஆலைகளுக்காக, பவானிப் பக்கம் காவிரியிலிருந்து நாளுக்கு 18.5 கோடி லிட்டர் குழாயில் கொண்டுவரும் திட்டம் வந்தது. ஆலைகள் நீண்டகாலம் வாங்கும் என்ற கணக்கில்தான் அதற்குக் கடன் கிடைத்தது. திட்டம் ஓடியது. அப்புறம் 2011-இல் கழிவுநீர்ப் பிரச்சினையில் உயர் நீதிமன்ற உத்தரவால் 700-க்கும் மேற்பட்ட சாய ஆலைகள் மூடப்பட்டபோது, தண்ணீர் வாங்க ஆள் குறைந்து திட்டம் கடனில் தவித்தது. கேஸ் ஒப்பந்தத்திலும் அது நடக்கலாம். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் கட்டு என்பதுதான் உலகம் முழுக்க எல்என்ஜி ஒப்பந்தங்களின் அடிப்படை விதி.

அதனால் மொத்தத் தேவையையும் கட்டிப்போட வேண்டாம் என்பது என் கருத்து. பாதியை, மிஞ்சிப்போனால் 60 சதவீதத்தை நீண்டகாலத்துக்குப் பேசலாம். குறைந்த சூட்டில் நடக்கும் வேலைகள் வரும் வருடங்களில் சூரிய மின்சாரத்துக்குப் போய்விடும். நூல் உலர்த்துவதற்கு இருபது வருடம் கேஸ் வாங்குவதாகக் கையெழுத்துப் போடுவது தப்பு. உலோகம் உருக்குவதும், துணியை விரித்து உலர்த்தும் சாய ஆலை ஸ்டென்டரும், கழிவுநீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டரும் வேறு. சாய ஆலைகளில் இன்று விறகும் முந்திரி ஓடும் எரிகின்றன. அந்தப் புகையைப் பற்றி ஐரோப்பிய பையர்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம், மிஞ்சும் கேஸை விற்கும் உரிமை ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். 2020 முதல் இந்திய எரிவாயுச் சந்தை நடக்கிறது, விற்க இடம் உண்டு.

விலைச் சூத்திரத்தையும் நம் ஆடிட்டர்கள் படித்துக்கொள்வது நல்லது. பல ஒப்பந்தங்களில் கச்சா எண்ணெய் விலையில் இத்தனை சதவீதம் என்று எழுதுவார்கள். 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், எண்ணெய் பேரல் 60 டாலரில் கேஸ் பத்து லட்சம் பிடியூவுக்கு 7.20 டாலர், 100 டாலரில் 12 டாலர். திரவமாக்கும் செலவு விலையில் சேர்ந்திருக்கும், மறுபடி வாயுவாக்கும் செலவும் குழாய் வாடகையும் வரியும் தனி. எண்ணெய் எகிறும்போது கேஸும் எகிறாமல் இருக்க, மேலேயும் கீழேயும் ஓர் எல்லை வைத்து எழுதச் சொல்லலாம். விற்பவருக்குக் கீழ் எல்லை பாதுகாப்பு, நமக்கு மேல் எல்லை பாதுகாப்பு. கத்தார் தன் உற்பத்தித் திறனை ஆண்டுக்கு 77 மில்லியன் டன்னிலிருந்து 142 ஆக்கத் திட்டமிட்டிருக்கிறது, அமெரிக்காவும் ஆலைகளைக் கட்டிக்கொண்டே போகிறது. வாங்குபவர் தேடி புதிய நாடுகள் அலையும் இந்தச் சமயத்தில்தான் இப்படிப்பட்ட எல்லைகளைக் கேட்டு வாங்க முடியும்.

கத்தாரிடமே எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளலாமே என்பார்கள். 2024-இல் நம் எல்என்ஜி இறக்குமதியில் மற்ற நாடுகளைவிட அதிகப் பங்கு அங்கிருந்துதான் வந்தது. எல்என்ஜி இறக்குமதி செய்யும் பெட்ரோநெட்டின் கத்தார் ஒப்பந்தத்தை அதே ஆண்டில் 2048 வரை நீட்டித்தும் ஆயிற்று. ஆனால் கத்தார்க் கப்பல் ஒவ்வொன்றும் பாரசீக வளைகுடாவின் குறுகிய வாயான ஹோர்முஸ் நீரிணையைத் தாண்டித்தான் வர வேண்டும். மொசாம்பிக்கிலிருந்து கொச்சிக்கு வரும் கப்பலுக்கு ஹோர்முஸும் இல்லை, சூயஸும் இல்லை, மலாக்காவும் இல்லை. நேராக இந்தியப் பெருங்கடல். அதோடு ஒரே ஆளை நம்பினால் என்ன ஆகும் என்பதை எகிப்து காட்டியிருக்கிறது. 2015-இல் சோர் என்ற பெரும் வயல் கிடைத்து, ஏற்றுமதி செய்யும் நாடாக நிமிர்ந்தது. உற்பத்தி சரிந்து சொந்தத் தேவை ஏறியதும், 2024-இல் மறுபடி எல்என்ஜி வாங்க வந்துவிட்டது. பக்கத்து இஸ்ரேலின் குழாயை நம்பிய அதன் உர ஆலைகள், 2025 ஜூனில் ஈரானோடு போர் மூண்டு இஸ்ரேல் தன் லெவியாத்தன் வயலை மூடியபோது நின்றுபோயின.

மொசாம்பிக்கும் ஆபத்தில்லாத இடம் கிடையாது. கேஸ் கிடைத்த காபோ டெல்காடோ மாநிலத்தில் 2017 முதல் ஆயுதக் கிளர்ச்சி. 2021 மார்ச்சில் பால்மா ஊர் தாக்கப்பட்டது. டோட்டல் வேலையை நிறுத்தி வெளியேறியது. 2025 நவம்பரில்தான் அந்த நிறுத்தத்தை விலக்கிக்கொண்டார்கள். முதல் சரக்குக்கு 2029 என்கிறார்கள். திட்டத்துக்காக மீனவர்களையும் விவசாயிகளையும் கரையிலிருந்து எழுப்பி கிதுண்டா என்ற புது ஊரில் குடியமர்த்தினார்கள். கடலை விட்டுத் தள்ளிப்போன மீனவர் வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதை நாம் யோசிக்காமல் அந்த கேஸை வாங்கக் கூடாது. நம் பொதுத்துறை நிறுவனங்களுக்கு அங்கே 30 சதவீதக் குரல் இருக்கிறது. அந்த மக்களுக்குச் சேர வேண்டியது சேருகிறதா என்று கேட்கும் கடமையும் அதோடு வருகிறது.

அதைக் கேட்க நமக்குத் தகுதி வேண்டுமென்றால், முதலில் நம் வீட்டைச் சரிசெய்ய வேண்டும். கெயில் குழாய் ஏழு மாவட்டங்களில் 310 கிலோமீட்டர் விளைநிலம் வழியாக வரப் போகிறது என்றபோது விவசாயிகள் எதிர்த்தார்கள். 2013-இல் மாநில அரசு, நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2016 பிப்ரவரியில் குழாய்க்குச் சாதகமாக முடிந்தது. அப்போது நம் தொழில் சங்கங்கள் விவசாயிகளோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குழாய் போகும் 20 மீட்டர் அகலத்தில் நிலம் விவசாயி பெயரில்தான் இருக்கும். ஆனால் கட்டடம் கூடாது, கிணறு கூடாது, மரம் நடக் கூடாது. சட்டம் சொன்ன இழப்பீடு நில மதிப்பில் 10 சதவீதம். இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கிறவருக்கு 20 மீட்டர் என்றால் இரண்டு மூன்று வரிசைத் தென்னை. என் உறவுக்காரர் ஒருவர், ‘வரப்புல கல்ல நட்டுட்டுப் போயிட்டாங்க, அதுக்கு அந்தண்டை எம்பட நிலந்தான், ஆனா ஒரு கன்னு வெக்க முடியாதுங்கறாங்க’ என்றார். அந்த நிலத்தை அவருடைய அப்பா வாங்கினார். அவர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

எனவே நாம் அமைக்கும் கூட்டு, வாங்கும் ஒவ்வொரு கன மீட்டருக்கும் 10 பைசா ஒதுக்கி, குழாய் போகும் நிலத்தின் உரிமையாளர்களுக்கு ஆண்டு வாடகையாகக் கொடுக்க வேண்டும். சட்டம் கேட்காவிட்டாலும் கொடுக்க வேண்டும். இதில் உங்களுக்கு உடன்பாடு இல்லையென்றால் மற்றதைப் பேசுவதில் எனக்கு ஆர்வமில்லை.

வேலை எங்கே தொடங்க வேண்டும் என்று கேட்பீர்கள். எண்ணிக்கையில்தான். கொங்கு மாவட்டங்களின் ஆலைகள் மொத்தம் எவ்வளவு எரிபொருள் எரிக்கின்றன என்ற கணக்கு ஒரே இடத்தில் இல்லாமல், பாரத் பெட்ரோலியத்திடமோ ஓஎன்ஜிசியிடமோ போய் ‘உங்கள் ரோவுமா பங்கில் எங்களுக்கு ஒரு பகுதி ஒதுக்குங்கள்’ என்று கேட்க முடியாது. ஒழுங்குமுறை வாரியத்திடம் மனு போடவும் முடியாது. ஒரே பக்கப் படிவம் போதும்: ஆலை எந்த ஊர், இப்போது எரிப்பது என்ன, மாதம் எவ்வளவு, எத்தனை டிகிரி சூடு வேண்டும், எத்தனை வருடத்துக்குக் கையெழுத்துப் போடத் தயார். ஜாப் ஒர்க் செய்யும் சின்னப் பட்டறைகளை விட்டுவிடாதீர்கள். எண்ணிக்கையில் அவர்கள்தான் அதிகம்.

என் பட்டறையின் இரண்டு வருட எரிபொருள் பில்களை நகல் எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த பொதுக்குழுவில் தருகிறேன். படிவம் அச்சானதும் சொல்லுங்கள், எங்கள் எஸ்டேட்டில் பட்டறை பட்டறையாகப் போய் நிரப்பி வாங்கிவரும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கோவைப் பக்கம் வார்ப்புப் பட்டறை நடத்தும் உங்கள் சங்க உறுப்பினர்